கிராணி வீட்டுக் கம்ப்யூட்டரின் கீழ் வாசல்

சுங்கைப் பட்டாணியில் அந்தக் குடியிருப்புத் தாமானுக்கே முதல் கம்ப்யூட்டர் வந்து இறங்கியது மோரிஸ் கிராணி வீட்டில்தான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தொன்பதாம் வருடம். இதை வேறு யாரும் சொல்லத் தேவையில்லை, அவரே சொல்லிவிடுவார். மீன் வாங்கப் போன இடத்தில் சொல்வார். பூசை முடிந்து குடை விரிக்கிறவனைப் பிடித்து நிறுத்திச் சொல்வார். "பையன் அனுப்பிட்டான்லா. கென்னத், சிங்கப்பூர்ல இருக்கான்ல, அவன்தான். வேணாம்னு சொன்னேன், கேக்க மாட்டேங்கிறான்." வேணாம் என்று அவர் ஒரு நாளும் சொன்னதில்லை. கென்னத்தின் ஆபீசில் புது மெஷின் வாங்கி, பழசை எங்கே தூக்கிப்போடுவது என்று முழித்துக்கொண்டிருந்தார்கள். அது ரோசம்மாவுக்குத் தெரியும். அவர் மனைவி ஆயிற்றே, தெரியாமல் இருக்குமா? தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு அதன் மேல் போர்த்துவதற்கு ஒரு துணி பின்னிக் கொடுத்தாள்.

மோரிஸ் பீடோங் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் பெரிய கிராணியாக, அதாவது தலைமைக் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலை போய்விட்டது, பங்களா போய்விட்டது. ஆனால் கிராணி மட்டும் போகவில்லை. வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா, அண்ணாந்து பார்த்துக்கொண்டு பேசுகிற பேச்சு எல்லாம் அப்படியே இருந்தன. காலையில் வீட்டு வாசலில் இடுப்பில் கை வைத்து நிற்பார். எதிரே தோட்டத்தில்போல ஆள்கணக்கு கொடுக்கப் பெரட்டுக்கு வந்து நிற்க ஆள் யாரும் இல்லை என்பதால் பூந்தொட்டிகளை ஒரே வரிசையாக அடுக்கி வைத்திருந்தார்.

தோட்டத்துக் கிராணி வீடுகளில் ஒரு வழக்கம் இருந்தது. சமையல்கட்டுக்குப் பின்னால் ஓர் ஆணி. அதில் ஒரு தகரக் குவளை தொங்கும். தொழிலாளர் லயத்திலிருந்து ஏதாவது வேலையாக வருகிறவர்களுக்குத் தாகம் என்றால் தண்ணீரோ கோப்பியோ அந்தக் குவளையில்தான். குடித்துவிட்டு அவர்களே கழுவி மாட்டிவிட்டுப் போக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை முதல் பெஞ்சில் உட்கார்ந்து எல்லாரும் ஆண்டவரின் பிள்ளைகள் என்று பாடுகிற அதே மோரிஸ் வீட்டில்தான் இந்தக் குவளை. தாமானுக்கு மாறி வந்தபோது நல்ல அலமாரியையே அங்கே விட்டுவிட்டு வந்தார், குவளையை மறக்கவில்லை. ரோசம்மா அதைப் பழைய இரும்புக்காரனிடம் போட்டாள். அவர் ஓடிப் போய் மீட்டுக்கொண்டு வந்தார்.

அப்படிப்பட்டவர் கம்ப்யூட்டரைச் சும்மா விடுவாரா? அந்த மெஷினில் டிஸ்கெட் போட மேலும் கீழுமாக இரண்டு வாசல்கள். மேலே உள்ளது ஏ, கீழே உள்ளது பி. சுவிட்சைத் தட்டிவிட்டால் முதலில் மேல் வாசலில் இருக்கிற டிஸ்கெட்டைத்தான் படிக்கும், அதை வைத்துத்தான் கண் விழிக்கும். கென்னத் போனில் இதைச் சொன்னபோது மோரிஸுக்கு உச்சி குளிர்ந்துபோனது. மேல் வாசல் நம்ம ஆட்களுக்கு, கீழ் வாசல் மற்றவர்களுக்கு. அன்றைக்கே சட்டம் போட்டுவிட்டார். இரண்டு துண்டுத் தாள் வெட்டி மேலே 'நாம்', கீழே 'பிறர்' என்று எழுதி ஒட்டினார். எழுத்து மட்டும் மணி மணியாக இருந்தது, அதைக் குறை சொல்ல முடியாது.

அந்தக் கீழ் வாசலுக்கென்று ஒரே ஆள்தான் இருந்தாள், குணவதி. அவள் அம்மா அழகம்மா மோரிஸ் இருந்த அதே தோட்டத்தில் பால் மரம் வெட்டுகிறவள். குணவதி ஐந்தாம் பாரம் முடித்து, பீடோங்கில் டைப் அடிக்கப் படித்திருந்தாள். சுங்கைப் பட்டாணியில் ஒரு ஃபாக்டரி ஆபீசுக்குப் பெண் வேண்டும், கம்ப்யூட்டரில் அடிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்று கேள்விப்பட்டு, தொட்டுப் பழக ஒரு மெஷின் தேடி அலைந்தாள். கிடைத்தது இது ஒன்றுதான். இந்த வேலை கிடைத்தால் அவள் ஆபீஸ் நாற்காலியில் உட்காருவாள். கிடைக்காவிட்டால் விடியுமுன் அம்மாவுக்குப் பின்னால் வாளியைத் தூக்கிக்கொண்டு ரப்பர் மர நிரைக்குப் போக வேண்டியதுதான், வேறு வழி இல்லை.

மோரிஸ் சம்மதித்தார். தர்மத்துக்கு என்று நினைத்துவிடாதீர்கள். அவருக்குப் பத்திரிகைகளுக்குக் கடிதம் எழுதுகிற வியாதி உண்டு. சாக்கடை, பசாரில் திரியும் நாய்கள், இளைஞர்களின் தலைமுடி என்று எதைப் பற்றியும் எழுதுவார். ஒற்றை விரலால் தட்டி மாளவில்லை. சனிக்கிழமைதோறும் குணவதி பீடோங் பஸ்ஸில் வந்து, மெத்தை வைத்த நாற்காலியைத் தள்ளி வைத்துவிட்டு முக்காலியில் உட்கார்ந்து, தன் டிஸ்கெட்டைக் கீழ் வாசலில் போட்டு, நாய்களைப் பற்றி அடித்துக் கொடுப்பாள். பிறகு தன் பயிற்சி. போகும்போது தகரக் குவளையில் கோப்பி. ரோசம்மா அதை அவள் கையில் கொடுக்கும்போது அவள் முகத்தைப் பார்க்க மாட்டாள்.

அந்த ஃபாக்டரியில் ஆள் எடுக்கிற அதிகாரி டெஸ்மண்ட். அவரும் மோரிஸ் பூசைக்குப் போகிற அதே கோயில்தான், திருவிழாக் குழுத் தலைவரும் அவர்தான். வருகிற திருவிழாவில் மைக்கைப் பிடித்து அறிவிப்புச் செய்கிற வேலை தனக்குக் கிடைக்க வேண்டும் என்று மோரிஸுக்கு நெடுநாள் ஆசை. மைக் யார் கைக்குப் போகும் என்பது டெஸ்மண்ட் வாயில் இருந்தது. ஆகையால் டெஸ்மண்ட் தும்மினால்கூட மோரிஸ் கைக்குட்டை நீட்டுவார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் டெஸ்மண்ட் நேரே வீட்டுக்கு வந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு டிஸ்கெட்டை எடுத்தார். "காடி ஓட்டுற கேம், அண்ணே. பினாங்குல ஒருத்தன் குடுத்தான். இத உள்ள வச்சிட்டு சுவிட்ச தட்டுங்க, அதுவா வந்துரும்."

மோரிஸ் அதை இரண்டு கையாலும் வாங்கினார், நற்கருணை வாங்குகிற பணிவோடு. மேல் வாசலில் வைத்தார். சுவிட்சைத் தட்டினார். கார் ஓடியது. மோரிஸ் ஓட்டிய கார் ரோட்டில் நிற்கவே இல்லை, புல்லிலேயே போயிற்று. டெஸ்மண்ட் விழுந்து விழுந்து சிரித்தார். தங்க விளிம்பு வைத்த பீங்கான் கோப்பையில் கோப்பி வந்தது. பிஷப் வந்தபோது வெளியே எடுத்த கோப்பை அது.

"உங்க தோட்டத்துப் பொண்ணு ஒன்னு மனு போட்டிருக்கே. நீங்க ஒரு வார்த்த சொன்னா போதும், எடுத்துருவேன்" என்றார் டெஸ்மண்ட். "மைக் விஷயமும் பேசலாம்லா." கேம் இங்கேயே இருக்கட்டும், பிறகு வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று போய்விட்டார்.

அடுத்த சனிக்கிழமை குணவதி சாக்கடையைப் பற்றி அடித்துக்கொண்டிருந்தபோது திரையில் ஒரு வெள்ளைப் புள்ளி கிளம்பியது. சுவரில் எறிந்த பந்துபோல அந்த மூலைக்குப் போய் முட்டித் திரும்பியது, இந்த மூலைக்கு வந்து முட்டித் திரும்பியது. எழுத்துகளின் மேல் குதித்துக் குதித்து ஓடியது. மோரிஸ் ஏதோ பூச்சி என்று நினைத்துப் பத்திரிகையைச் சுருட்டி ஓங்கி ஓர் அடி வைத்தார். பந்து நிற்கவில்லை. திரைக் கண்ணாடிதான் ணங்கென்றது.

"ஐயா, அது உள்ளுக்குள்ள இருக்குங்க" என்றாள் குணவதி.

"எனக்குத் தெரியும்!" என்றார் மோரிஸ்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் நிம்மதி இல்லை. சில சமயம் பந்து வரும், சில சமயம் வராது. மோரிஸ் திரையைத் துடைத்தார். காய்ச்சல்காரனுக்கு ஓய்வு கொடுப்பதுபோல இரண்டு நாள் துணியைப் போர்த்தி வைத்துவிட்டு ஹாலில் மெதுவாக நடந்தார். லூர்து தீர்த்தத்தை விரலில் தொட்டு மெஷினின் நெற்றியில் சிலுவை போட்டார். பந்து அதற்கும் அசரவில்லை. அப்புறம்தான் பத்திரிகையில் படித்தது ஞாபகம் வந்தது. கம்ப்யூட்டருக்கும் வைரஸ் என்று ஒன்று உண்டாம், டிஸ்கெட்டிலிருந்து டிஸ்கெட்டுக்குத் தொற்றுமாம்.

தொற்றுமா? அப்படியானால் யாரிடமிருந்து என்று அவர் யோசிக்கவே இல்லை. யோசிப்பதற்கு அதில் என்ன இருக்கிறது? லயத்திலிருந்து வருகிற டிஸ்கெட் ஒன்றே ஒன்றுதானே!

அடுத்த முறை குணவதி வந்தபோது கேட்டிலேயே நிறுத்திவிட்டார். "உள்ள வராத. உன் டிஸ்கெட்டுலேருந்துதான் நோய் வந்திருக்கு. எங்கெங்க கொண்டுபோயி போட்டியோ."

"ஐயா, அது நான் கடையில புதுசா வாங்குனதுங்க. இங்க தவிர வேற எங்கயும் போட்டதே இல்ல. எங்க லயத்துல கரண்டே பொழுது சாஞ்சாத்தான் வரும், நான் எங்க போயி கம்ப்யூட்டர் போடுறது?"

"பேச்சப் பாரு பேச்ச!"

அவள் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எதிர்வீட்டில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள் கையில் ஈரத் துணியோடு அப்படியே நின்று பார்த்தாள். மோரிஸுக்கு ஆள் பார்க்கிறது என்று தெரிந்ததும் குரல் இன்னும் உயர்ந்தது. குணவதிக்கு முகம் சிவந்து கண் நிறைந்துவிட்டது. அழவில்லை, பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அழவில்லை.

அதோடு விட்டாரா மனுஷன்? உள்ளே போய் டெஸ்மண்டுக்கு போன் போட்டார். "அந்தப் பொண்ணு வேணாம்லா. சுத்தமில்ல. என் மெஷினுக்கே நோய் கொண்டாந்துட்டா, உங்க ஆபீசுக்கு வந்தா என்னாவும்?" அந்தப் பக்கம் டெஸ்மண்ட், நல்லவேளை சொன்னீங்க அண்ணே, பேரை அடித்துவிடுகிறேன் என்றார். மோரிஸ் போனை வைத்துவிட்டுக் கடமையைச் செய்த திருப்தியோடு திரும்பினார். சமையல்கட்டு வாசலில் ரோசம்மா நின்றுகொண்டிருந்தாள்.

"ஒரு பொண்ணு சோத்துல மண்ணள்ளிப் போட்டுட்டீங்களே" என்றாள்.

"உனக்கு ஒன்னும் தெரியாது. போயி வேலையப் பாரு."

ரோசம்மா போய் வேலையைப் பார்த்தாள். அவள் பார்த்த வேலை, ரூத்துக்கு போன் போட்டது. ரூத் மோரிஸின் தம்பி மகள், பட்டர்வொர்த்தில் கம்ப்யூட்டர் வகுப்பு நடத்துகிறாள். ஆண்பிள்ளை போல மோட்டார் சைக்கிளில் சுற்றுகிறாள், வாய் நீளம், கல்யாணம் வேண்டாம் என்கிறாள் என்று மோரிஸுக்கு அவள் மேல் மூன்று வழக்குகள் இருந்தன. சனிக்கிழமை சாயங்காலம் தன் டிஸ்கெட்டை எடுத்துக்கொண்டு வரும்படி குணவதிக்கும் ஆள் சொல்லி அனுப்பினாள் ரோசம்மா. அதே சாயங்காலம் டெஸ்மண்டும் தன் கேமை எடுத்துப் போக வருவதாகச் சொல்லியிருந்தார். மோரிஸுக்கு அது ஒன்றுதான் ஞாபகம். காலையிலேயே சவரம் செய்துகொண்டு மைக் பிடிக்கிற தோரணையில் தொண்டையைச் செருமிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ரூத் வந்தாள். ஹெல்மெட்டைத் திருஇருதயப் படத்துக்குக் கீழே வைத்தாள். பின்னல் துணியை உருவி எறிந்தாள். "என்ன பெரியப்பா, இதுக்கு முந்தானையெல்லாம் போட்டு விட்டிருக்கீங்க? சூடு வெளிய போகாம வெந்து கெடக்கு."

திருகாணிகளைக் கழற்றி மூடியைத் தூக்கினாள். உள்ளே பார்த்து, "அலமாக்!" என்றாள். தூசு கம்பளியாகப் படிந்திருந்தது. மூலையில் பல்லி முட்டை. எறும்புச் சாரி ஒன்று போய்க்கொண்டிருந்தது. கார் ஓட்டிய நாளில் டெஸ்மண்ட் தின்ற முறுக்கு விசைப்பலகைக்குள் பாதி இருந்தது. பெயிண்ட் அடிக்கிற பிரஷ்ஷால் தட்டிக் கூட்டினாள். டிஸ்கெட்டைப் படிக்கிற முனைகளைப் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தாள். பஞ்சு கரியாக வந்தது. அதை மோரிஸ் மூக்குக்கு நேரே நீட்டிக் காட்டினாள். சுத்தத்தைப் பற்றிப் பத்திரிகைக்கு எழுதுகிற மனிதர் வேறு பக்கம் பார்த்தார்.

அந்த நேரம் குணவதி வந்தாள். கேட்டிலேயே நின்றாள். ரோசம்மா போய்க் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு வந்து, மெத்தை நாற்காலியில் உட்கார வைத்தாள். மோரிஸ் வாயைத் திறந்தார். ரோசம்மா பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார்.

"அழுக்கு வேற, நோய் வேற" என்றாள் ரூத். தன் பையிலிருந்து, ஓரத்து வெட்டில் தாள் ஒட்டிய ஒரு டிஸ்கெட்டை எடுத்தாள். "இதுல யாரும் எழுத முடியாது, பூட்டு போட்ட வீடு. இத வச்சி மெஷின எழுப்புனா நோய் எந்திரிக்காது. இப்ப ஒவ்வொன்னா பாப்போம்." மோரிஸின் டிஸ்கெட்டைப் பார்த்தாள், நோய். குணவதியின் டிஸ்கெட், நோய்.

"பாத்தியா!" என்று துள்ளினார் மோரிஸ். "நான் அப்பவே சொன்னேன்!"

"இருங்க பெரியப்பா. நோய் பிடிச்ச மெஷின்ல எந்த டிஸ்கெட்ட போட்டாலும் ஒட்டிக்கும். மொதல்ல மெஷினுக்கு எப்படி வந்துச்சிங்கிறதுதான் கேள்வி. இது மேல இருக்கிற ஏ-வுல டிஸ்கெட்ட வச்சிக்கிட்டு சுவிட்ச தட்டுனா மட்டுந்தான் உள்ள ஏறும். கீழ பி-யில வச்சா ஏறாது. குணவதி எப்பவாச்சும் மேல போட்டுச்சா?"

இந்தக் கேள்விக்கு மோரிஸ் நெஞ்சை நிமிர்த்தினார். தன் சட்டத்தைப் பற்றிக் கேட்கிறாளே! "மேலயா? என் வீட்லயா? ஒரு நாளும் விட்டதில்ல. பாரு, எழுதியே ஒட்டியிருக்கேன். அவளுக்குக் கீழதான். மேல போடுறது நானும், நம்ம ஆளுங்களும் மட்டுந்தான்."

"நல்லா யோசிச்சிச் சொல்லுங்க. ஒரு நாளும் இல்ல?"

"சத்தியமா இல்ல!"

"அப்ப குணவதி கொண்டாரல" என்றாள் ரூத். "நீங்களே சத்தியம் பண்ணிட்டீங்க."

மோரிஸ் தாளில் எழுதியிருந்த 'நாம்' என்பதைப் பார்த்தார். ரூத் அதற்குள் கென்னத் அனுப்பிய, உறை பிரிக்காத மூல டிஸ்கெட்டைப் பார்த்துவிட்டாள். அது சுத்தம். மிச்சம் இருந்தது ஒன்று. அதைக் கையில் எடுத்தாள். "இந்தக் காடி ஓட்டுற கேம் யாருது?"

"டெஸ்மண்ட் தம்பி கொண்டாந்தது" என்றாள் ரோசம்மா. "மேல வச்சித்தான் சுவிட்ச தட்டுனாரு, நான் பாத்தேன்."

ரூத் அதைப் போட்டுப் பார்த்தாள். பார்த்துவிட்டுச் சிரித்தாள். "நோயோட ஆத்தா வீடே இதான். போன் போடுங்க பெரியப்பா. அந்த அங்கிள் கிட்ட சொல்லிருங்க, பொண்ணு மேல தப்பில்லன்னு."

மோரிஸ் போன் அருகே போனார். கையை வைத்தார். கையை எடுத்தார். டெஸ்மண்டிடம் போய், உங்கள் டிஸ்கெட்டில் நோய் என்று எப்படிச் சொல்வது? மைக் என்னாவது? "திருவிழா முடியட்டும்" என்றார் மெல்ல. "அப்புறம் பக்குவமா சொல்லிக்கலாம்."

"அதுக்குள்ள வேலைக்கு வேற ஆள் எடுத்துருவாங்க ஐயா" என்றாள் குணவதி. "என்னப் பத்திப் பொய் சொல்றதுக்கு ஒரு நிமிஷந்தான் ஆச்சி. உண்மை சொல்றதுக்குத் திருவிழா முடியணுமாங்க?"

வெளியே கார் வந்து நின்றது. டெஸ்மண்ட் சிரித்துக்கொண்டே உள்ளே வந்து, "என்னண்ணே, வீட்ல ஒரே கூட்டம்?" என்று உட்கார்ந்தார். மோரிஸ் மின்விசிறியை அவர் பக்கம் திருப்பினார். திருவிழாப் பேச்சை எடுத்தார். வானிலைப் பேச்சை எடுத்தார். டிஸ்கெட் பேச்சை மட்டும் எடுக்கவில்லை.

ரோசம்மா தட்டோடு வந்தாள். தங்க விளிம்புக் கோப்பையைக் குணவதி கையில் கொடுத்தாள். ரூத்துக்கு ஒரு கோப்பை. டெஸ்மண்டுக்கு முன்னால், ஓரம் நசுங்கிய அந்தத் தகரக் குவளையை வைத்தாள். மோரிஸுக்கு உயிரே போய்விட்டது.

டெஸ்மண்ட் குவளையைச் சுற்றிப் பார்த்தார். "என்னக்கா இது?"

"கோப்பிதான் தம்பி" என்றாள் ரோசம்மா. "வெளியேருந்து நோய் கொண்டார ஆளுக்கு இந்த வீட்ல தனிக் குவளை. உங்க அண்ணன் போட்ட சட்டம், நான் போட்டதில்ல. இத்தன நாளா இந்தப் பொண்ணுக்குக் குடுத்துக்கிட்டிருந்தேன், எனக்கு வெக்கமா இருக்கு. இப்பத்தான் தெரிஞ்சது, நோய் வந்தது உங்க டிஸ்கெட்டுலேருந்து."

டெஸ்மண்ட் மோரிஸைப் பார்த்தார். மோரிஸ் பூந்தொட்டியைப் பார்த்தார்.

"அங்கிள், இந்த டிஸ்கெட்ட வேற எங்கயாச்சும் போட்டீங்களா?" என்று கேட்டாள் ரூத். "ஒரு வெள்ளப் பந்து ஓடியிருக்குமே?"

டெஸ்மண்டின் முகம் மாறியது. ஆபீசில் சில வாரமாகப் பந்து ஓடிக்கொண்டிருந்தது. புது மெஷின்களுக்கு அது ஒரு அலங்காரம் என்று அவர் மேனேஜரிடமே விளக்கம் சொல்லியிருந்தார். "ஆபீஸ் மெஷின்ல... சும்மா, மதிய நேரத்துல ஒரு தடவ..." என்று இழுத்தார். பிறகு, சாமர்த்தியசாலி இல்லையா, குணவதி பக்கம் திரும்பி, "திங்கக்கெழம பரீட்சைக்கு வந்துரும்மா. பேரு திரும்பப் போட்டுர்றேன். இந்தப் பந்து விஷயம் நம்மோட இருக்கட்டும், என்ன?" என்றார்.

"வரேன் சார்" என்றாள் குணவதி. கோப்பையைக் கீழே வைத்தாள். "ஆனா நான் நோய் கொண்டாந்தேன்னு ஐயா உங்ககிட்ட சொன்னாரு. இந்த கேட்டுல வச்சி, ஊரு பாக்கச் சொன்னாரு. அத இப்ப மாத்திச் சொல்லச் சொல்லுங்க. என் முன்னால."

திருவிழாவுக்கென்று காலையிலிருந்து செருமிப் பதமாக வைத்திருந்த தொண்டை மோரிஸைக் கைவிட்டது. "அவ இல்ல" என்றார்.

"கேக்கல பெரியப்பா" என்றாள் ரூத்.

"அவ கொண்டாரல. நான்தான் தப்பா சொல்லிட்டேன்."

எதிர்வீட்டுக்காரி ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டுதான் இருந்தாள். அவளுக்கும் கேட்டது. டெஸ்மண்ட் கேமையும் எடுக்காமல், கோப்பியையும் தொடாமல் எழுந்து போனார். அந்த வருடத் திருவிழாவில் மைக் பெண்டாங்கிலிருந்து வந்த யாரோ ஒருவர் கைக்குப் போனது. அவருக்கு அவ்வளவு நல்ல குரல்கூட இல்லை.

குணவதி திங்கட்கிழமை போனாள், பரீட்சை எழுதினாள், வேலைக்குச் சேர்ந்தாள். ரூத் எல்லா டிஸ்கெட்டுகளையும் சுத்தம் செய்து கொடுத்துவிட்டு மோட்டாரை முறுக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள். மெஷினில் பந்து போயிற்று, பல்லி முட்டை போயிற்று.

சில நாள் மோரிஸ் அதன் முன் உட்கார்ந்து தாடையைத் தடவிக்கொண்டே யோசித்தார். நோய் மேல் வாசல் வழியாகத்தான் வரும், கீழ் வாசலில் வராது என்று ரூத் தெளிவாகச் சொல்லியிருக்கிறாள் அல்லவா? ஒரு காலை எழுந்து, மெஷினில் ஒட்டியிருந்த தாள்கள் இரண்டையும் நகத்தால் பக்குவமாக உரித்தார். பசை தடவினார். 'பிறர்' என்பதை மேலேயும் 'நாம்' என்பதைக் கீழேயும் ஒட்டினார். தள்ளி நின்று பார்த்தார். கோணல் இல்லை.

"ரோசா!" என்று கூப்பிட்டார். "இங்க வந்து பாரு. இனிமே மத்தவங்க மேல போடட்டும், நம்ம ஆளுங்க கீழ போடுவோம். பிரச்சனையே இல்ல பாத்தியா?"

ரோசம்மா வந்து பார்த்தாள். சமையல்கட்டுக்குத் திரும்பிப் போனாள். பின்பக்கம் ஆணியிலிருந்து எதையோ எடுக்கிற சத்தம் கேட்டது. கோப்பி வந்தது, தகரக் குவளையில்.

"குடிச்சிட்டு நீங்களே கழுவி மாட்டிருங்க" என்றாள்.